தனி வயலினுக்கு எட்யூட் எழுதும்போது: கை முதலில், சுரம் பிறகு

வயலினுக்கு எட்யூட், அதாவது ஒரு நுட்பத்தைப் பழக்கும் உருப்படி, எழுத உட்காருகிறவர் முதலில் ஒதுக்கி வைக்க வேண்டியது கீபோர்டை. கீபோர்டில் அழகாக விழுகிற ஒரு ஓட்டம் வயலினில் விரலே எட்டாத இடமாக இருக்கும். கீபோர்டில் யோசிக்கவே தோன்றாத இன்னொன்று வயலினில் கை நகராமலே நான்கு தந்திகளிலும் சரசரவென்று ஓடும். துணைக்கு வேறு வாத்தியம் கிடையாது. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். அப்படி ஒரு உருப்படி வேண்டுமென்றால் அது வாசிப்பவரின் கையிலிருந்துதான் பிறக்க வேண்டும். எந்த விரல் எந்தத் தந்தியில் எங்கே நிற்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், சுரம் அதற்குப் பின்னால் வரட்டும். இந்தப் பதிவு முழுக்க அதைத்தான் கணக்கோடு சொல்லப் போகிறேன்.

இந்த வடிவத்தின் உச்சம் என்று நான் நினைப்பது இத்தாலிய வயலின் வித்வான் பாகனினியின் 24 கேப்ரிஸ்கள், அதாவது தனி வயலினுக்கான குறும் உருப்படிகள். ஓபஸ் 1 என்ற எண்ணோடு 1820இல் மிலானில் ரிக்கோர்டி வெளியிட்டது. சமர்ப்பணம் புரவலர் யாருக்கும் இல்லை, ‘கலைஞர்களுக்கு’ என்று இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கைவேலையைப் பிடித்துக்கொண்டு அதை விடாமல் போவது தெரியும். 5ஆவதில் துள்ளும் வில். 6ஆவதில் ஒரு குரலில் நிதானமான பாட்டு, இன்னொரு குரலில் இடது கை விரல்களின் இடைவிடாத நடுக்கம். 9ஆவதில் புல்லாங்குழலும் ஹார்னும் மாறி மாறிப் பேசுவதுபோல டபுள் ஸ்டாப், அதாவது இரண்டு தந்திகளில் ஒரே சமயத்தில் இரண்டு சுரம். 24ஆவது மட்டும் தீம், 11 வேரியேஷன், ஃபினாலே என்று விரிகிறது, ஆனால் அங்கும் ஒவ்வொரு வேரியேஷனும் ஒரு குட்டி எட்யூட்தான். இதற்கு முன்னோடியும் உண்டு. 1733இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த இத்தாலிய வயலின் கலைஞர் லொகடெல்லியின் 12 கான்செர்ட்டோக்களில் வயலின் தனியாக வாசிக்க 24 கேப்ரிஸ்கள் செருகப்பட்டிருந்தன.

ஆகவே முதல் வேலை, எதைப் பற்றிய எட்யூட் என்று ஒரே வரியில் எழுதிக்கொள்வது. ‘ஆக்டேவ்’ (ஒரு ஸ்தாயி இடைவெளி) என்று எழுதினால் போதாது, அது ஒரு தலைப்பு மட்டும். ‘ஆக்டேவ் பிடியில் நிற்கும் கையைச் சுண்டுவிரலை மட்டும் நீட்டி டென்துக்கு (ஆக்டேவைவிட அகலமான இடைவெளி) விரித்து, மறுபடி சுருக்குவது’ என்று எழுதினால் அதில் உருப்படி இருக்கிறது. அந்த வரியில் ‘மேலும்’ என்ற சொல் வந்துவிட்டால் இரண்டு எட்யூட்களை ஒன்றில் திணிக்கிறீர்கள் என்று அர்த்தம். ரிக்கோஷே (வில்லைத் துள்ளவிடுவது), இடது கை பிட்சிக்காட்டோ (விரலால் தந்தியைச் சுண்டுவது), ஹார்மானிக்ஸ் (தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் உயர்ந்த ஒலி) எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் அடுக்கினால் வித்தை காட்டியதுபோல இருக்கும், ஆனால் எதுவும் வளராது. வளர்ச்சிக்கு ஒரே பொருள் வேண்டும்.

அடுத்தது வரைபடம். தந்திகள் கீழிருந்து ஜி, டி, ஏ, ஈ. பக்கத்துத் தந்திகளுக்கு நடுவே ஒரு ஃபிஃப்த், அதாவது 7 செமிடோன் (அரைச்சுர இடைவெளி). இதிலிருந்து ஒரு சின்னக் கணக்கு கிடைக்கிறது. கீழ்த் தந்தியில் விரல் நட்டிலிருந்து (தந்தி தலைப்பக்கம் தொடங்கும் முனை) எத்தனை செமிடோன் தள்ளி நிற்கிறதோ அந்த எண்ணோடு நீங்கள் விரும்பும் இடைவெளியைக் கூட்டி 7ஐக் கழித்தால், மேல் தந்தியில் விரல் நிற்க வேண்டிய இடம் வந்துவிடும். மேஜர் சிக்ஸ்த் 9 செமிடோன், ஆகவே மேல் விரல் 2 செமிடோன் முன்னால் நிற்கும். ஒன்றாம் விரலும் இரண்டாம் விரலும் போதும். ஆக்டேவ் 12, ஆகவே 5 முன்னால், ஒன்றும் நான்கும். மேஜர் தேர்ட் 4, ஆகவே மேல் விரல் 3 செமிடோன் பின்னால் போகிறது. கீழ்த் தந்தியில் மூன்றாம் விரல், மேல் தந்தியில் ஒன்றாம் விரல் என்று கை தலைகீழாகச் சாய்கிறது. தேர்ட் ஓட்டங்கள் சிக்ஸ்த் ஓட்டங்களைவிடக் கையை அதிகம் முறுக்குவது இதனால்தான். சுட்டுவிரல் கனத்த தந்தியிலும் சுண்டுவிரல் மெல்லிய தந்தியிலும் அமர்வது இடது கையின் இயல்பான சாய்வு. அதற்கு எதிராக எழுதலாம், ஆனால் தெரிந்து எழுத வேண்டும்.

செமிடோனோடு நிறுத்தாமல் மில்லிமீட்டரிலும் பாருங்கள். முழு அளவு வயலினில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தியின் அதிரும் நீளம் சுமார் 328 மி.மீ. ஜி தந்தியில் ஏ, டி தந்தியில் அதற்கு மேல் ஆக்டேவ் ஏ என்று முதல் பொசிஷனில் (கை நட்டுக்கு அருகே நிற்கும் இடம்) பிடித்தால் இரண்டு விரல்களுக்கும் நடுவே 73 மி.மீ. அதே ஏ மேல் டென்த், அதாவது 16 செமிடோன், என்றால் 118 மி.மீ. நடுத்தரக் கைக்கு இது வலிக்கும் விரிப்பு. இதையே ஜி தந்தியின் டி, அதாவது நான்காம் பொசிஷனிலிருந்து தொடங்கினால் ஆக்டேவுக்கு 55 மி.மீ., டென்துக்கு 89 மி.மீ. போதும். மேலே போகப் போக விரல்கள் நெருங்குகின்றன. ஆகவே டென்த் எட்யூட் எழுதுகிறவர் நடுப் பொசிஷன்களில் தொடங்கி, கை பழகிய பிறகு கீழே இறங்குவது நல்லது. முதல் பாரிலேயே, அதாவது முதல் தாளக் கட்டத்திலேயே, முதல் பொசிஷன் டென்த் வைத்தால் வாசிப்பவர் அங்கேயே நோட்டை மூடிவிடுவார், அது நியாயமும்கூட.

இந்தக் கணக்கு இல்லாமல் எழுதினால் வரும் பிழைகள் எப்போதும் ஒரே மாதிரிதான். திறந்த டி தந்திக்குக் கீழே உள்ள இரண்டு சுரங்களை ஒரே சமயத்தில் கேட்பது: ஏ, சி இரண்டும் ஜி தந்தியில் மட்டுமே இருக்கின்றன, ஒரு தந்தியில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். ஜி தந்தியையும் ஏ தந்தியையும் சேர்த்துக் கேட்பது: நடுவில் இருக்கும் டி தந்தியைத் தொடாமல் வில் அங்கே போகாது. இதைவிடப் பரவலானது ஃபிஃப்த். கணக்குப்படி ஃபிஃப்தில் இரண்டு விரலும் ஒரே நேர்கோட்டில் வரும், ஆகவே ஒரே விரலைப் படுக்கவைத்து இரண்டு தந்தியையும் அழுத்த வேண்டும். மெதுவான உருப்படியில் பரவாயில்லை. வேகத்தில் விரல் நுனி ஒரு தந்தியில் சரியாகவும் மற்றதில் கொஞ்சம் தாழ்ந்தும் விழும், சுருதி கெடும். நான்கு தந்திகளையும் அழுத்தும் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) ஒரு ஃபிஃப்த் இருந்தால் நான் முதலில் அதை எடுக்கத்தான் வழி பார்ப்பேன்.

இனி ஒரு எட்யூடின் விதையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பொருள்: நான்கு தந்தி ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது), ரிக்கோஷே வில்லில். ஜி மைனர் எடுத்துக்கொள்கிறேன், திறந்த ஜி தந்தி அடியில் ஆதார சுருதியாக நிற்கும். வில் கீழ்நோக்கி வரும்போது ஜி, டி, ஏ, ஈ என்று நான்கு தந்தியில் நான்கு துள்ளல். மேல்நோக்கிப் போகும்போது ஈ, ஏ, டி, ஜி என்று நான்கு துள்ளல். ஒரு பாரில் இது இரண்டு முறை, மொத்தம் 16 சுரம். மெட்ரோனோம் 120, ஒரு துடிப்புக்கு நான்கு சுரம், அதாவது நொடிக்கு 8. ரிக்கோஷே இந்த வேகத்தில் வில்லின் சொந்தத் துள்ளலிலேயே ஓடும். ரொம்பவும் மெதுவாக்கினால் வில் தானாகத் துள்ளாது, ஒவ்வொரு சுரத்தையும் கையால் தூக்கி வைக்க வேண்டியிருக்கும்.

முதல் பார்: திறந்த ஜி, திறந்த டி, ஏ தந்தியில் ஒன்றாம் விரலால் பி ஃபிளாட், ஈ தந்தியில் இரண்டாம் விரலால் ஜி. இரண்டாம் பாருக்கு சி மைனர் வேண்டும் என்று தோன்றும்: ஜி, ஈ ஃபிளாட், சி, ஜி. எழுதிப் பார்த்தால் மேலே இருக்கும் சி, ஜி இரண்டும் ஃபிஃப்த். ஏ தந்தியிலும் ஈ தந்தியிலும் நட்டிலிருந்து அதே 3 செமிடோன். இரண்டாம் விரலைப் படுக்கவைக்க வேண்டும். மேல் ஜியை ஏ ஆக்கிவிட்டால் சிக்கல் தீர்கிறது. இப்போது கார்டு ஜி, ஈ ஃபிளாட், சி, ஏ. இது ஜி மைனரில் இரண்டாம் படியின் ஹாஃப் டிமினிஷ்டு செவன்த். சி மைனரைவிட இறுக்கமான ஒலி, எனக்கு இதுதான் பிடிக்கும். கையின் கட்டாயம் ஹார்மனியை மேம்படுத்தும் இடங்கள் இப்படித்தான் வருகின்றன. விரல்: டி தந்தியில் ஒன்று, ஏ தந்தியில் இரண்டு, ஈ தந்தியில் நான்கு.

ஈ தந்தியின் ஏயை மூன்றாம் விரலும் எடுக்கலாமே, ஏன் நான்கு? மூன்றாம் பாருக்காக. அங்கே ஜி, எஃப் ஷார்ப், சி, ஏ, அதாவது ஜி ஆதாரத்தின் மேல் டி செவன்த். சியும் ஏயும் இருந்த இடத்திலேயே, இரண்டாம் விரலும் நான்காம் விரலும் அசையவில்லை. டி தந்தியில் மட்டும் ஒன்றாம் விரல் எழுந்து மூன்றாம் விரல் எஃப் ஷார்ப்பில் விழுகிறது. கேட்பவருக்கு ஹார்மனி முழுவதும் திரும்பியதுபோல இருக்கும், வாசிப்பவர் மாற்றியது ஒரு விரல். நான்காம் பாரில் அதே மூன்றாம் விரல் டி தந்தியில் ஒரு செமிடோன் மேலே நழுவி ஜி ஆகிறது, ஏ தந்தியில் ஒன்றாம் விரல் பி ஃபிளாட், ஈ தந்தியில் இரண்டாம் விரல் ஜி. லீடிங் டோன், அதாவது ஜிக்கு இழுக்கும் எஃப் ஷார்ப், அதே தந்தியில், அதே விரலால் வீடு வந்து சேர்கிறது.

இதில் இன்னொரு வசதி ஒளிந்திருக்கிறது. மேல்நோக்கிய வில் திறந்த ஜியில் முடிகிறது, அடுத்த கீழ்நோக்கிய வில் திறந்த ஜியிலேயே தொடங்குகிறது. இரண்டு சுரங்களுக்கு இடது கைக்கு வேலையே இல்லை. நொடிக்கு 8 என்ற வேகத்தில் அது கால் நொடி. விரல்கள் அடுத்த கார்டுக்கு மாற அந்தக் கால் நொடி தாராளம். திறந்த தந்தி கொடுக்கும் இந்த அவகாசத்தைத் தேடி எடுத்து எழுதுவதுதான் வேகமான வயலின் எழுத்தில் பாதி வேலை. கேப்ரிஸ்களில் ஜி மைனர், ஏ மைனர், ஈ மேஜர் போன்ற ஸ்கேல்கள் வந்தபடி இருப்பதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

நடுப்பகுதிக்கு இன்னொரு பிடி. மேலே சொன்ன கணக்கில், மேஜர் சிக்ஸ்த் என்றால் மேல் விரல் 2 செமிடோன் முன்னால். இதையே நான்கு தந்திக்கும் அடுக்குங்கள்: ஜி தந்தியில் 2ஆம் செமிடோன், டி தந்தியில் 4, ஏ தந்தியில் 6, ஈ தந்தியில் 8. விரல்கள் வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கிடைக்கும் சுரங்கள் ஏ, எஃப் ஷார்ப், ஈ ஃபிளாட், சி. எஃப் ஷார்ப் டிமினிஷ்டு செவன்த், ஜி மைனருக்குள் நேராக இழுக்கும் கார்டு. நான்கும் அழுத்திய சுரங்கள், ஃபிஃப்த் எங்கும் இல்லை. இந்தப் பிடியை அப்படியே 3 செமிடோன் மேலே நகர்த்தினால் சி, ஏ, எஃப் ஷார்ப், ஈ ஃபிளாட். இன்னும் 3 நகர்த்தினால் ஈ ஃபிளாட், சி, ஏ, எஃப் ஷார்ப். அதே நான்கு சுரங்கள், அதே விரல் வரிசை, ஒவ்வொரு முறையும் ஒரு படி உயரத்தில். ஈ தந்தியின் உச்சத்தில் எஃப் ஷார்ப் கத்தும்போது அரங்கு முழுக்கத் திரும்பிப் பார்க்கும், ஆனால் வாசிப்பவர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு பிடி.

‘அதே பிடி’ என்று சொன்னாலும் அது ஒவ்வொரு படியிலும் சுருங்குகிறது. முதல் இடத்தில் ஒன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் நடுவே தந்தியின் நீளவாக்கில் சுமார் 86 மி.மீ., இரண்டாவதில் 72, மூன்றாவதில் 60. கையை நகர்த்திவிட்டு விரல்களைச் சுருக்க மறந்தால் மேல் தந்திகள் ஏறிப் பேசும். இதுதான் இந்த எட்யூட் சொல்லிக்கொடுக்கும் பாடம், ஆகவே நகர்வை மறைக்காமல் வெளிப்படையாக எழுதலாம். ஒரு சிக்கல் மட்டும்: இங்கே திறந்த தந்தி இல்லை, கை தாவ அவகாசமும் இல்லை. தாவலுக்கு முந்தின மேல்நோக்கிய வில்லின் கடைசிச் சுரத்தையும், அடுத்த வில்லின் முதல் சுரத்தையும் திறந்த ஜி ஆக்கிவிடுங்கள். டிமினிஷ்டு கார்டுக்குள் ஜி உரசும், ஆனால் காதில் ஏற்கனவே ஆதாரமாகப் பதிந்த சுரம் என்பதால் உரசல் இங்கே நன்றாகவே இருக்கும். ஜியை விரும்பாதவர்கள் அந்த இடத்தில் ஒரு சின்ன மௌனம் வைக்கலாம்.

மொத்த அளவு எவ்வளவு? ஒரு பார் 2 நொடி, 60 பார் என்றால் சரியாக 2 நிமிடம். முதல் 8 பாரில் விதை இரண்டு முறை, இரண்டாம் முறை மேல் சுரங்கள் மாறி. அடுத்த 12 பாரில் பி ஃபிளாட் மேஜர் பக்கம் நகர்வு. அங்கே ஜி ஆதாரம் உதவாது, ஆனால் திறந்த டி, கார்டின் தேர்டாக இன்னும் கைகொடுக்கும். 8 பாரில் திரும்பி வந்து, 12 பார் டிமினிஷ்டு ஏற்றம், 8 பார் டி மேல் நின்று இழுத்து, கடைசி 12 பாரில் விதையும் முடிப்பும். இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஏற்றத்தின் உச்சம் உருப்படியின் பாதி தாண்டிய பிறகு வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். முன்பே வந்துவிட்டால் அதற்குப் பின் வருவதெல்லாம் இறக்கம்.

நீளத்தைத் தீர்மானிப்பது காதைவிடக் கைத்தசை. நான்கு விரலும் அழுத்திய கார்டுகள் 12 பாருக்கு மேல் இடைவெளியின்றி வந்தால் கட்டைவிரலின் அடித்தசை இறுகும், கட்டைவிரல் கழுத்தை நசுக்கும், அதன் பிறகு நகர்வு எல்லாம் தாமதமாகும். டென்த், நீட்டிய ஆக்டேவ் என்றால் இன்னும் குறைவு. நான்கு பாருக்கு ஒருமுறையாவது சுண்டுவிரலை விடுவிக்க வேண்டும். திறந்த தந்திகளில் ஒரு பார், ஒற்றைத் தந்தியில் ஒரு ஸ்கேல் ஓட்டம், எதுவானாலும் சரி. எட்யூட் தினமும் திரும்பத் திரும்ப வாசிக்கப்படும் உருப்படி. மேடையில் ஒருமுறை தாங்கும் வலி, பயிற்சி அறையில் நாற்பது முறை வந்தால் காயம். எழுதுகிறவருக்கு இதில் பொறுப்பு உண்டு.

வில்லைப் பற்றிய கணக்கு தனி. வில் கீழே போனால் மேலே வந்தாக வேண்டும். ஒரு சுரத்துக்கு ஒரு வில் என்று மூன்று மூன்று சுரமாக எழுதினால், முதல் கூட்டம் கீழ்நோக்கித் தொடங்கும், அடுத்தது மேல்நோக்கித் தொடங்கும். தந்தி மாறும் இடங்கள் ஒருமுறை மணிக்கட்டுக்கு இயல்பாகவும் மறுமுறை எதிராகவும் வரும். அதுவே உங்கள் எட்யூடின் பொருள் என்றால் அருமை. தெரியாமல் வந்தது என்றால், இரண்டு சுரத்தைச் சேர்த்து ஒரே வில்லில் கட்டிவிடுங்கள், ஒவ்வொரு கூட்டமும் ஒரே பக்கமாகத் தொடங்கும். பாகனினியின் 5ஆவதில் அச்சிலிருக்கும் வில் முறை மூன்று சுரம் கீழ்நோக்கித் துள்ளல், ஒன்று மேல்நோக்கி. அதைக் கைவிட்டு தனித்தனி வில்லாக ஸோட்டியே (வேகத்தில் வில் தானாகத் துள்ளும்) முறையில் வாசிக்கிறவர்கள்தான் அதிகம். சுரங்கள் அப்படியே இருக்க, கஷ்டமே வேறொன்றாகிவிடுகிறது. வயலின் ஆசிரியர் க்ராய்ட்சரின் 42 எட்யூட்களில் 2ஆவதை ஆசிரியர்கள் எத்தனையோ வில் முறைகளில் மாற்றி மாற்றி வாசிக்க வைப்பதும் இதே காரணத்தால்.

ஒரே வில்லில் மேல்நோக்கி வரிசையாகக் கொத்தும் ஸ்டக்காட்டோவை நம்பி ஒரு எட்யூட் முழுவதையும் கட்டாதீர்கள். அது ஆளுக்கு ஆள் ஒரு வேகத்தில்தான் வரும். பெரிய வித்வானுக்கும் தன் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே கேட்டால் தடுமாறும். எழுதுவதென்றால் மெட்ரோனோம் எண்ணை நெகிழ்வாக வையுங்கள், அல்லது வரிக்கு மேலே சின்ன எழுத்தில் மாற்று வில் முறை கொடுங்கள். நான்கு சுரக் கார்டு அடித்து நிறுத்தும் இடங்களில் நான்கும் ஒன்றாக ஒலிக்காது. இரண்டு இரண்டாக உடையும். மூன்று சுரம் என்றால் பலத்த வில்லில் ஒரு கணம் சேர்ந்து ஒலிக்கும். முடிவுக் கார்டை மென்மையாக, நான்கு சுரமும் சேர்ந்து நீடிக்க வேண்டும் என்று எழுதினால் அது காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

இடது கை பிட்சிக்காட்டோவுக்கு ஒரு விதி போதும்: இறங்கு வரிசையாக எழுதுங்கள். மேல் விரல் தந்தியைக் கொக்கிபோல இழுத்து விடும்போது கீழே ஊன்றிய விரலின் சுரம் ஒலிக்கிறது. நான்கு இழுத்தால் மூன்றின் சுரம், மூன்று இழுத்தால் இரண்டின் சுரம், கடைசியில் திறந்த தந்தி. வரிசையின் முதல் சுரத்தை வில்லால் தட்டித் தொடங்கலாம். ஏறு வரிசையில் இழுக்க மேலே விரல் இருக்காது. பாகனினியின் 24ஆவதில் ஒன்பதாம் வேரியேஷனைப் பார்த்தால், ஏ மைனரில் திறந்த ஏயும் ஈயும் எவ்வளவு வேலையைக் குறைக்கின்றன என்று புரியும். சுரத்தின் மேல் கூட்டல் குறி போட்டால் போதும்.

ஹார்மானிக்ஸில் ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. ஒன்றாம் விரலை அழுத்தி, நான்காம் விரலால் அதே தந்தியில் 5 செமிடோன் மேலே லேசாகத் தொட்டால் அழுத்திய சுரத்துக்கு இரண்டு ஆக்டேவ் மேலே ஒலிக்கும். ஒன்றுக்கும் நான்குக்கும் நடுவே 5 செமிடோன் என்பது ஆக்டேவ் டபுள் ஸ்டாப்பின் பிடியேதான். சுண்டுவிரல் மட்டும் தந்தி மாறி, அழுத்தாமல் தொடுகிறது. ஆகவே ஆக்டேவ் எட்யூட் ஒன்றின் இறுதியில் அதே பாட்டை ஆர்டிஃபிஷியல் ஹார்மானிக்ஸில் திரும்பக் கொண்டுவந்தால் கைக்குப் புதிய வேலை ஏறக்குறைய இல்லை, காதுக்கோ வேறு வாத்தியம் வந்ததுபோல இருக்கும். எழுதும்போது அழுத்தும் சுரத்தைச் சாதாரணமாகவும் தொடும் இடத்தை டைமண்ட் தலையோடும் எழுதுங்கள். ஒலிக்கும் சுரத்தை மட்டும் எழுதி விட்டுவிட்டால் எந்த விரலால் எங்கே என்று வாசிப்பவர் ஊகிக்க வேண்டிவரும்.

கர்நாடக வயலினிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. ஸ, ப, ஸ, ப என்று கூட்டிய தந்திகளில் நடுவே உள்ள ப–ஸ இடைவெளி 5 செமிடோன், 7 அல்ல. மேலே சொன்ன ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு பிடி நடுத் தந்திகளில் உடைந்துவிடும், அங்கே 7க்குப் பதில் 5ஐக் கழிக்க வேண்டும். வாத்தியத்தின் தலையைக் காலில் ஊன்றி உட்காரும்போது இடது கை தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டு முழுத் தந்தியிலும் வழுக்கிப் போகத் தயாராக இருக்கிறது. அந்தக் கைக்கென்றே எழுதினால் வேறு வகை எட்யூட் பிறக்கும்: இரண்டு விரலில் நீண்ட ஜாருகள் (வழுக்கிச் செல்லும் கமகம்), ஒற்றைத் தந்தியில் இரண்டு ஸ்தாயி. மேற்கத்தியப் பிடிகளை அப்படியே ஸ–ப சுருதிக்கு மாற்றி எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எழுதி முடித்ததும் மியூஸ்ஸ்கோர், சிபேலியஸ் போன்ற இசை எழுதும் மென்பொருளில் ஓடவிட்டுக் கேட்பது எல்லோரும் செய்வது. மென்பொருள் ஜி தந்தியின் இரண்டு சுரங்களையும் ஒன்றாக வாசித்துக் காட்டும், 118 மி.மீ. விரிப்பையும் புன்னகையோடு வாசிக்கும், அதற்குக் கை கிடையாது. வயலின் வாசிக்காதவர்கள் நான்கு கோடு வரைந்த ஒரு காகிதத்தில் ஒவ்வொரு கார்டுக்கும் செமிடோன் எண்ணைக் குறித்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே விரல் இரண்டு இடத்தில் வந்தால் கார்டு செத்தது. பிறகு வாசிப்பவர் ஒருவரிடம் கொண்டுபோய், பாதி வேகத்தில் வாசிக்கச் சொல்லி இடது கையை மட்டும் கவனியுங்கள். விரல் முன்கூட்டியே காற்றில் தயாராகிறதா, கடைசி நேரத்தில் பாய்கிறதா? பாயும் இடங்களில் பிழை அவருடையதாக இருப்பது அபூர்வம்.

யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதும் முடிவாக வேண்டும். பெல்ஜிய வயலின் மேதை ஈசாயி 1923இல் எழுதிய ஆறு தனி வயலின் சொனாட்டாக்களும் ஆறு வெவ்வேறு வயலின் கலைஞர்களுக்குச் சமர்ப்பணம். ஒருவரின் கையையும் வில்லையும் தெரிந்து எழுதும்போது எழுத்து கூர்மையாகிறது. விரல் எண்களை எல்லாச் சுரத்துக்கும் போட்டு நிரப்ப வேண்டாம், வாசிப்பவர் தன் கைக்கேற்ப மாற்றிக்கொள்வார். வழக்கத்துக்கு மாறான இடங்களில் மட்டும் போடுங்கள். மேலே உள்ள விதையில் இரண்டாம் பாரின் ஏ மேல் 4 என்று கட்டாயம் போட வேண்டும், இல்லாவிட்டால் பழக்கத்தில் மூன்றாம் விரல் போய், அடுத்த பாரில் எஃப் ஷார்ப்புக்கு விரல் இருக்காது. எந்தத் தந்தியில் என்பது சந்தேகமாக இருந்தால் தந்தி எண்ணையும் போடுங்கள். அச்சுக்குப் போகும்போது உருப்படியை எதிரெதிரே உள்ள இரண்டு பக்கத்துக்குள் அடக்குங்கள். துணைக்கு ஆள் இல்லாத உருப்படியில், இரண்டு கைகளும் நிற்காமல் ஓடும்போது, பக்கத்தைப் புரட்ட யாரும் இல்லை.